வெளிநாட்டு வேலை: சம்பளம், பிடித்தம், வரி பற்றி என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சி துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் பைப்பிங் இன்ஜினியராகத் தொடங்கி, சவூதியில் ஜுபைல், அமீரகத்தில் ருவைஸ், சிங்கப்பூரில் ஜூரோங் தீவு என்று பதினாறு வருடம் சுற்றிவிட்டு ஊர் திரும்பியவன் நான். ஆடிட்டர் இல்லை. ஆனால் ஜூனியர் யாருக்கு ஆஃபர் வந்தாலும் அதன் முதல் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் எனக்கு அனுப்பிவிடுகிறார்கள். கூடவே அதே பத்திருபது கேள்விகள். ஆளுக்கொரு ஆடியோ பேசி அனுப்பித் தொண்டை கட்டிப்போனதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே போட்டிருக்கிறேன். எண்கள் எல்லாம் 2025-26 நிதியாண்டு நிலவரம்.

அண்ணா, கல்ஃப்ல வரியே இல்லையாமே? அப்போ சொன்ன சம்பளம் அப்படியே கைக்கு வந்துருமா?

அமீரகம், சவூதி, கத்தார், குவைத், பஹ்ரைன் எங்கும் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. ஓமான் மட்டும் 2028 ஜனவரி முதல், ஆண்டுக்கு 42,000 ஓமான் ரியாலைத் தாண்டும் வருமானத்துக்கு 5 சதவீதம் என்று சட்டம் போட்டிருக்கிறது. அந்த அளவு சம்பாதிக்கிறவர் என்னிடம் சந்தேகம் கேட்க மாட்டார், விடுங்கள்.

வரி இல்லை என்றால் செலவில் வரி இல்லை என்று அர்த்தம் இல்லை. அமீரகத்தில் 2018 முதல் வாங்கும் பொருளுக்கு 5 சதவீத வாட் உண்டு. சவூதியிலும் அப்படித்தான் 5 சதவீதத்தில் தொடங்கினார்கள். 2020 ஜூலையில் அதை ஒரேயடியாக 15 ஆக்கிவிட்டார்கள். அமீரகத்தில் வேலையிழப்புக் காப்பீடு என்று ஒன்றும் கட்டாயம். பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 16,000 திர்ஹம் வரை இருந்தால் மாதம் 5 திர்ஹம்தான், பெரிய தொகை இல்லை. ஆனால் அதை நாமே கட்ட வேண்டும், மறந்தால் அபராதம்.

ரூபாய்க்கு மாத்திப் பாத்தா இங்க வாங்குறதைவிட மூணு மடங்கு வருது. கண்ணை மூடிட்டுப் போகலாமா?

கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு போங்கள். ரூபாய்க்கு மாற்றிப் பார்க்க வேண்டியது சம்பளத்தை இல்லை, மாதக் கடைசியில் மிஞ்சுவதை. கேம்ப்பில் தங்க இடமும் மெஸ்ஸில் சாப்பாடும் கம்பெனி கொடுத்தால் சம்பளத்தில் முக்கால்வாசிக்கு மேல் ஊருக்கு அனுப்பலாம். நான் ஜுபைலில் இருந்தபோது என் கைச்செலவு போன் ரீசார்ஜும் வெள்ளிக்கிழமை பிரியாணியும்தான். அதே சம்பளத்துக்கு துபாயில் சொந்தமாக வாடகைக்கு இருந்தால் பாதி கரைந்துவிடும்.

இன்னொன்று. திர்ஹமும் சவூதி ரியாலும் டாலரோடு கட்டப்பட்டவை, டாலருக்கு 3.6725 திர்ஹம், 3.75 ரியால். டாலருக்கு எதிராக ரூபாய் சரிந்தால் உங்களுக்கு லாபம் மாதிரி தெரியும். அதை சம்பள உயர்வு என்று கம்பெனி சொன்னால் நம்பாதீர்கள்.

ஆஃபர் லெட்டர்ல எதை முதல்ல பாக்கணும்?

இரண்டாம் பக்கத்தை. எனக்கு வரும் படங்களில் எப்போதும் இல்லாமல் போவது அதுதான். முதல் பக்கத்தில் மொத்தத் தொகை கொட்டை எழுத்தில் இருக்கும். அதை பேசிக், வீட்டுப்படி, போக்குவரத்துப்படி, சாப்பாட்டுப்படி என்று எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பது அடுத்த பக்கத்தில் இருக்கும். அப்புறம் வேலை நேரம் எட்டா பத்தா, ஊர் டிக்கெட் வருடம் ஒருமுறையா இரண்டு வருடத்துக்கு ஒருமுறையா, லீவு சம்பளம் முழுசா பேசிக் மட்டுமா, தகுதிகாண் காலம் எத்தனை மாதம் என்பதெல்லாம். அமீரகத்தில் தகுதிகாண் காலம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது.

ஓவர்டைமும் இங்கேதான் மாட்டும். அமீரகச் சட்டப்படி கூடுதல் நேரத்துக்கு பேசிக் கணக்கில் ஒரு மணி நேரச் சம்பளமும் அதில் 25 சதவீதமும் சேர்த்துத் தர வேண்டும். இரவு 10 முதல் அதிகாலை 4 வரை என்றால் 50 சதவீதம். ஆனால் மேற்பார்வைப் பதவிக்கு இது பொருந்தாது என்று சொல்லி, இன்ஜினியர் என்ற பெயருக்காகவே பல கம்பெனிகள் ஓவர்டைம் தருவதில்லை. உங்களுக்குக் கீழே வேலை செய்யும் ஃபோர்மேன் உங்களைவிட அதிகமாக வீட்டுக்கு அனுப்புவதைப் பார்க்கும்போதுதான் இது உறைக்கும்.

கடைசியாக, ஆஃபர் லெட்டரில் இருப்பதும் அந்த நாட்டு அரசிடம் பதிவாகும் ஒப்பந்தத்தில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அமீரகத்தில் அது தொழிலாளர் அமைச்சகத்திலும், சவூதியில் கிவா தளத்திலும் பதிவாகும். பிரச்சினை வந்தால் அங்கே செல்லுபடியாவது பதிவானதுதான்.

மொத்தம் ஒண்ணுதானே அண்ணா, பேசிக் கம்மியா இருந்தா என்ன?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமீரகத்தில் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுக் கிளம்பும்போது தரும் பணிக்கொடை, முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் பேசிக், அதற்குப் பிறகு வருடத்துக்கு 30 நாள் பேசிக். மொத்தம் 10,000 திர்ஹம் சம்பளத்தில் பேசிக் 6,000 என்றால் வருடத்துக்கு 4,200 திர்ஹம் சேரும். பேசிக் 4,000 என்றால் 2,800. ஐந்து வருடத்தில் 21,000-க்கும் 14,000-க்கும் உள்ள வித்தியாசம். ஒரு வருடம் முடியாமல் விட்டால் எதுவும் இல்லை.

என் முதல் அமீரக வேலையில் மொத்தத்தில் கால்வாசிதான் பேசிக். நாலரை வருடம் கழித்துக் கிளம்பும்போது கணக்குப் பிரிவில் ஒரு சின்னக் காகிதத்தைத் தள்ளினார்கள். தொகையைப் பார்த்துவிட்டு, ஏதோ ஒரு பூஜ்யம் விட்டுப்போச்சு என்று நினைத்து நின்றுகொண்டிருந்தேன். விட்டுப்போகவில்லை. எல்லாம் நான் கையெழுத்துப் போட்ட இரண்டாம் பக்கத்தில் இருந்தபடிதான்.

சவூதியிலயும் அதே கணக்கா?

இல்லை, அங்கே வேறு. பேசிக் மட்டும் இல்லாமல் படிகளும் சேர்ந்த கடைசிச் சம்பளத்தை வைத்து முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு அரை மாதம், பிறகு வருடத்துக்கு ஒரு மாதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் நீங்களாக ராஜினாமா செய்தால் வெட்டு விழும். இரண்டு வருடத்துக்குள் என்றால் ஒன்றுமில்லை. இரண்டிலிருந்து ஐந்து வருடம் வரை மூன்றில் ஒரு பங்கு, ஐந்திலிருந்து பத்து வரை மூன்றில் இரண்டு பங்கு, பத்தைத் தொட்டால் முழுசு.

மாதம் 12,000 ரியால், நான்கு வருடம் என்றால் 24,000 ரியால் சேர்ந்திருக்கும். ராஜினாமா கொடுத்தால் கைக்கு வருவது 8,000. அதனால் ஒப்பந்தக் காலம் முடிகிற தேதிக்கு இரண்டு மாதம் முன்னால் கோபித்துக்கொண்டு கடிதம் கொடுக்காதீர்கள். ஒப்பந்தம் முடிந்து, புதுப்பிக்காமல் வெளியே வந்தால் அது ராஜினாமா ஆகாது.

கல்யாணம் ஆயிருச்சு. குடும்பத்தைக் கூட்டிட்டுப் போனா கட்டுப்படியாகுமா?

சவூதியில் குடும்ப விசாவில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் மாதம் 400 ரியால் அரசுக்குக் கட்டணம். 2017-இல் 100 ரியாலில் தொடங்கி வருடம் நூறு நூறாக ஏற்றி 2020-இல் 400-இல் நிறுத்தினார்கள். மனைவி, இரண்டு குழந்தை என்றால் வருடத்துக்கு 14,400 ரியால். இக்காமா (வசிப்பு அனுமதி) புதுப்பிக்கும்போது மொத்தமாகக் கேட்பார்கள். இதை எந்த ஆஃபர் லெட்டரும் சொல்லாது. கம்பெனி தருமா என்று நீங்கள்தான் கேட்க வேண்டும், தருவதாகச் சொன்னால் எழுத்தில் வாங்க வேண்டும். 2017-க்குப் பிறகு குடும்பங்களை ஊருக்கு அனுப்பிவிட்டு மறுபடி கேம்ப்புக்கு வந்த சீனியர்களை எனக்குத் தெரியும்.

அமீரகத்தில் இப்படி மாதக் கட்டணம் இல்லை. அங்கே தின்பது வாடகையும் பள்ளிக் கட்டணமும்.

ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேக்குறார். எல்லாரும் கொடுக்குறாங்களாம். கொடுக்கவா?

கொடுக்காதீர்கள். இந்திய அரசின் உரிமம் பெற்ற ஏஜென்ட் சட்டப்படி வாங்கக்கூடிய அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு ஜிஎஸ்டியும்தான், 35,400-க்கு மேல் போகாது. உரிமம் இருக்கிறதா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் பெயர் போட்டுப் பார்க்கலாம். சவூதித் தொழிலாளர் சட்டப்படி வேலைக்கு எடுக்கும் செலவு, இக்காமா, வேலை அனுமதி, முடிந்து திரும்பும் டிக்கெட் எல்லாம் முதலாளி பொறுப்பு. அமீரகத்திலும் ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. ரசீது தர முடியாது என்று ஒருவர் சொன்னால் அந்த ஒரு வார்த்தையிலேயே உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

சிங்கப்பூர்ல மாசம் 6,000 டாலர். வரி எவ்வளவு பிடிப்பாங்க?

மாதாமாதம் ஒரு காசும் பிடிக்க மாட்டார்கள். அதுதான் அங்கே உள்ள கண்ணி. இந்தியாவில் டிடிஎஸ் பிடித்துப் பழகியவர்கள் சிங்கப்பூரில் முழுச் சம்பளமும் கைக்கு வந்ததும் வரி இல்லை போல என்று செலவு செய்துவிடுவார்கள். ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான வருமானத்துக்கு அடுத்த ஏப்ரல் 18-க்குள் இணையத்தில் கணக்குக் காட்ட வேண்டும். பிறகு வரிக் கடிதம் வரும். மொத்தமாகக் கட்டலாம், அல்லது ஜைரோ (வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் முறை) மூலம் வட்டியில்லாமல் 12 தவணையாகக் கட்டலாம்.

தொகை பயப்படும்படி இருக்காது. வருடம் 72,000 டாலரில், சம்பாதிப்பவருக்கான 1,000 டாலர் கழிவு போக 71,000. முதல் 20,000-க்கு வரி இல்லை, அடுத்த 10,000-க்கு 2 சதவீதம், அதற்கடுத்த 10,000-க்கு 3.5, மீதிக்கு 7 சதவீதம். மொத்தம் 2,720 டாலர், அதாவது மாதம் 227. அதைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். நிரந்தரவாசி ஆகாதவரை சிபிஎஃப்பும் (அந்த நாட்டு வருங்கால வைப்புநிதி) கிடையாது. பிடித்தம் இல்லை என்று சந்தோஷப்படலாம், ஆனால் முதலாளி போட வேண்டிய பங்கும் உங்களுக்கு இல்லை என்பதை நினைவில் வையுங்கள். ஓய்வுக்கான சேமிப்பு முழுக்க உங்கள் தலையில்தான்.

ஷட்டவுன் (ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும்) வேலைக்கு நாலு மாசம்தான் போறேன். அதுக்கும் இதே வரியா?

இல்லை. மேலே சொன்ன விகிதம் சிங்கப்பூரில் வரிவாசியாக இருப்பவருக்கு, அதாவது ஆண்டில் 183 நாள் இருந்தவருக்கு. 61 முதல் 182 நாள் வரை என்றால் நேராக 15 சதவீதம், அல்லது வரிவாசிக்கான விகிதத்தில் வரும் தொகை, இரண்டில் எது அதிகமோ அது. 60 நாளுக்குள் முடித்துக் கிளம்பினால் சம்பளத்துக்கு வரியே இல்லை. வேலை இரண்டு ஆண்டில் விழுந்தாலும், உதாரணமாக அக்டோபரில் போய் மே வரை, தொடர்ந்து 183 நாள் வந்தால் இரண்டு ஆண்டுக்கும் வரிவாசிக் கணக்கிலேயே வைப்பார்கள்.

கிளம்பும்போது ஒன்று நடக்கும். வெளிநாட்டவர் வேலையை விட்டால், ஒரு மாதம் முன்பே முதலாளி வரித்துறைக்குத் தெரிவித்து, உங்களுக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது சட்டம். வரியைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். கடைசி மாதச் சம்பளம் வரவில்லை என்று எனக்கு நள்ளிரவில் போன் போடாதீர்கள். அந்த மாதச் செலவுக்குக் கையில் பணம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெர்மனில 55,000 யூரோ. பெரிய தொகைதானே?

தொகை பெரியதுதான், பிடித்தமும் பெரியது. வருமான வரி, ஓய்வூதியம் 9.3 சதவீதம், வேலையிழப்புக் காப்பீடு 1.3, மருத்துவம், முதியோர் பராமரிப்பு எல்லாம் போக, தனி ஆளுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிந்துவிடும். மனைவி ஊரில் இருக்கும்வரை உங்களை ஒன்றாம் வரி வகுப்பில்தான் வைப்பார்கள். மனைவி அங்கே வந்து பதிவு செய்தபின் மூன்றாம் வகுப்புக்கு மாறலாம், அப்போது மாதப் பிடித்தம் குறையும்.

ஸ்டுட்கார்ட்டுக்குப் போன நாகர்கோவில் தம்பி ஒருவர், முகவரி பதிவு செய்யும் படிவத்தில் மதம் என்ற இடத்தில் கத்தோலிக்கம் என்று எழுதினார். முதல் சம்பளச் சீட்டில் புரியாத ஒரு வரி: தேவாலய வரி. கட்ட வேண்டிய வருமான வரியில் அந்த மாநிலத்திலும் பவேரியாவிலும் 8 சதவீதம், மற்ற இடங்களில் 9. அவர் விரும்பியே கட்டுகிறார், அது வேறு. ஆனால் தெரிந்து கட்டுவது நல்லது.

சரி, ஊர்க் கணக்குக்கு வருவோம். நான் எப்போ என்ஆர்ஐ ஆவேன்?

விசா அடித்த அன்றைக்கு இல்லை. வருமான வரிக்கு நாள் கணக்குதான். ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்தால், வேலைக்காக வெளிநாடு போன இந்தியக் குடிமகன் அந்த ஆண்டு வெளிவாசி, அதாவது என்ஆர்ஐ. இல்லையென்றால் உள்வாசி. முந்தைய நான்கு ஆண்டில் 365 நாள் இங்கே இருந்தவர் 60 நாள் இருந்தாலே உள்வாசி என்று இணையத்தில் படித்துவிட்டுப் பதறுகிறார்கள். அந்த 60 நாள் விதி, வேலைக்காகக் கிளம்பும் ஆண்டில் நம்மைப் போன்றவர்களுக்கு 182 ஆக மாறிவிடும். 1961 சட்டத்துக்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்தாலும் இந்த 182 நாள் கணக்கு மாறவில்லை.

கிளம்பும் நாளையும் வந்திறங்கும் நாளையும் இந்திய நாளாகவே எண்ணுங்கள், அதுதான் பாதுகாப்பு. அப்படி எண்ணினால் செப்டம்பர் 28 கிளம்பினால் 181 நாள். 29 கிளம்பினால் 182. ஒரு நாள் விமானத்துக்கு அந்த ஆண்டு முழு வெளிநாட்டுச் சம்பளமும் இந்திய வரிக்குள் வந்துவிடும்.

போனப்புறம் லீவுக்கு வந்தா அந்த நாளும் சேருமா?

சேரும், நிறையப் பேர் மாட்டுவதே இதில்தான். ஒரு தம்பி செப்டம்பர் 20 கிளம்பினார், 173 நாள். எட்டு நாள் கைவசம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தவர், பொங்கலுக்கு அம்மா அழைத்தார்கள் என்று வந்து 12 நாள் இருந்துவிட்டுப் போனார். மொத்தம் 185. மாட்டுப்பொங்கலன்று வீட்டு வாசலில் நின்று எடுத்த படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். நான் அதைப் பார்த்துவிட்டு எத்தனாம் தேதி ரிட்டர்ன் என்று கேட்டேன். டிக்கெட்டை மாற்றப் பணம் போகும் என்றார். அபுதாபியில் வரியில்லாமல் வாங்கிய ஆறரை மாதச் சம்பளத்துக்கு இங்கே வரி கட்டினார்.

அடுத்தடுத்த ஆண்டுகளிலும் லீவுக்கு வருபவருக்கு 182 நாள்தான் எல்லை, ஆனால் இந்தியாவில் உங்கள் வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் சில சமயம் 120 நாளிலேயே மாட்டும். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

சம்பளத்தை நேரா நம்ம ஊர் அக்கவுண்டுக்கே போடச் சொல்லிட்டா அனுப்புற செலவு மிச்சம்தானே?

மிச்சம்தான், ஆனால் வேண்டாம். வெளிவாசிக்கு இந்தியாவில் சம்பாதித்ததற்கும் இந்தியாவில் முதன்முதலில் பெற்றதற்கும் வரி உண்டு. கம்பெனி நேராக இந்தியக் கணக்கில் போட்டால், முதலில் பெற்ற இடம் இந்தியா என்று வாதாட இடம் கொடுக்கிறீர்கள். வெளிநாட்டுக் கப்பலில் வேலை செய்யும் கடலோடிகளுக்கு 2017-இல் வரித்துறை ஒரு சுற்றறிக்கை மூலம் விலக்குச் சொன்னது. கரையில் நிற்கும் நமக்கு அது எழுதப்படவில்லை. அங்கேயே ஒரு வங்கிக் கணக்கில் வாங்கி, பிறகு என்ஆர்ஈ (வெளிவாசிகளுக்கான இந்திய வங்கிக்) கணக்குக்கு அனுப்புங்கள். அனுப்புவதற்கு வரி இல்லை.

பழைய சேவிங்ஸ் அக்கவுண்ட் அப்படியே இருக்கட்டுமா?

இருக்கக் கூடாது. வேலைக்காகக் கிளம்பியதும் வங்கியில் சொல்லி அதை என்ஆர்ஓ ஆக மாற்ற வேண்டும், அது அந்நியச் செலாவணிச் சட்டம். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்ஆர்ஈ தனியாகத் திறக்க வேண்டும். என்ஆர்ஈ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, முழுப் பணத்தையும் எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்கலாம். என்ஆர்ஓ-வில் வாடகை, பழைய வைப்புநிதி போன்ற ஊர் வருமானம் வரும். அதன் வட்டிக்கு 31.2 சதவீதம் பிடித்துவிடுவார்கள்.

இங்கே பிபிஎஃப் இருந்தால் முதிர்வு வரை தொடரலாம், புதிதாகத் திறக்க முடியாது. இபிஎஃப்பை ஐந்து வருட சர்வீஸ் முடியும் முன் எடுத்தால் வரி உண்டு. எடுக்காமல் விட்டாலும், வேலையை விட்ட பிறகு சேரும் வட்டிக்கு வரி உண்டு.

அம்மா பேருக்கு அனுப்புனா அவங்களுக்கு வரி வருமா? மனைவி பேருக்கு?

பெற்றோர், மனைவி, உடன்பிறந்தவருக்கு எவ்வளவு அனுப்பினாலும் வாங்குகிறவருக்கு வரி இல்லை. வித்தியாசம் அதற்கு அடுத்த கட்டத்தில். அம்மா அந்தப் பணத்தை வைப்புநிதியில் போட்டால் வட்டி அம்மாவின் வருமானம். மனைவி போட்டால் வட்டி உங்கள் வருமானத்தோடு சேர்க்கப்படும். வீட்டுச் செலவுக்கு மனைவிக்கு அனுப்புங்கள், சேமிப்பை உங்கள் என்ஆர்ஈ-யிலேயே வையுங்கள்.

அங்கயும் கட்டி இங்கயும் கட்டணுமா?

நீங்கள் இங்கே வெளிவாசி என்றால் சிங்கப்பூர், ஜெர்மன் சம்பளத்தை இந்தியா தொடாது, எனவே கேள்வியே எழாது. பொங்கல் தம்பி மாதிரி உள்வாசி ஆகிவிட்டால்தான் இரண்டு பக்கமும் இழுக்கும். அப்போது இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் கைகொடுக்கும். அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளலாம், அதற்கான படிவத்தை வரிக் கடிதத்தோடு தாக்கல் செய்ய வேண்டும். கல்ஃபில் கட்டியது பூஜ்யம் என்பதால் கழிக்கவும் ஒன்றுமில்லை, இங்கே முழுசாகக் கட்ட வேண்டும். வரியில்லாத நாட்டுக்குப் போகிறவர்தான் நாள் கணக்கில் அதிகக் கவனமாக இருக்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சென்னை வீட்டை வாடகைக்கு விட்டுருக்கேன். மாசம் 40,000. அதுக்கு என்ன பண்ணணும்?

உங்கள் குடியிருப்பவர் வெளிவாசிக்கு வாடகை தருவதால் 31.2 சதவீதம், அதாவது மாதம் 12,480 ரூபாய் டிடிஎஸ் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். அவர் பாவம், இதெல்லாம் தெரியாதவர். வீட்டுக்காரர் துபாயில் இருக்கிறார் என்பதே தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. பிடிக்காவிட்டால் நோட்டீஸ் அவருக்குப் போகும், அதனால் முன்பே சொல்லிவிடுங்கள். பிடித்ததைத் திரும்பப் பெற வழி இருக்கிறது. வருடத்துக்கு 4,80,000 வாடகையில் 30 சதவீதக் கழிவு போக 3,36,000. வேறு வருமானம் இல்லை என்றால் புதிய முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை, ரிட்டர்ன் போட்டு முழுப் பணத்தையும் வாங்கலாம்.

12 லட்சம் வரை வரி இல்லை என்று ஊரில் எல்லோரும் சொல்வதைக் கேட்டு ஏமாறாதீர்கள். அந்தத் தள்ளுபடி உள்வாசிகளுக்கு மட்டும். நமக்கு 4 லட்சத்துக்கு மேல் போனால் வரி தொடங்கிவிடும்.

ஊர்ல 15 லட்சத்துக்கு மேல வருமானம் இருந்தா கல்ஃப் சம்பளத்துக்கும் வரியாமே?

2020 பட்ஜெட்டில் கிளம்பிய பீதி இது. அந்தச் சனிக்கிழமை கேம்ப்பில் யாரும் தூங்கவில்லை. விதி இதுதான்: இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டி, வேறு எந்த நாட்டிலும் வரி கட்டும் கடமை இல்லாத இந்தியக் குடிமகன், இந்தியாவில் ஒரு நாள்கூட இல்லாவிட்டாலும் உள்வாசியாகக் கருதப்படுவார். ஆனால் அவர் சாதாரண உள்வாசி இல்லை, அரை உள்வாசி. வெளிநாட்டில் வேலை செய்து வாங்கிய சம்பளத்துக்கு அவர் இங்கே வரி கட்ட வேண்டியதில்லை. பட்ஜெட்டுக்கு மறுநாளே நிதி அமைச்சகம் கல்ஃப் தொழிலாளர்களைக் குறிவைக்கவில்லை என்று விளக்கம் கொடுத்தது.

மேலே சொன்ன 120 நாள் விதியும் இதே 15 லட்சக்காரர்களுக்குத்தான், அதுவும் முந்தைய நான்கு ஆண்டில் மொத்தம் 365 நாளாவது இந்தியாவில் இருந்திருந்தால் மட்டும். அதில் மாட்டினாலும் நிலை அதே அரை உள்வாசிதான். இங்கே 182 நாளைத் தொட்டால்தான் நிஜமான சிக்கல்.

திரும்பி வந்துட்டா அங்க இருக்குற பணத்துக்கு உடனே வரியா?

உடனே இல்லை. முந்தைய பத்து ஆண்டில் ஒன்பது ஆண்டு வெளிவாசியாக இருந்தாலோ, முந்தைய ஏழு ஆண்டில் இந்தியாவில் இருந்தது மொத்தம் 729 நாளைத் தாண்டாமல் இருந்தாலோ, வந்த பிறகும் இரண்டு மூன்று வருடம் அரை உள்வாசி நிலை கிடைக்கும். அதுவரை அங்குள்ள வைப்புநிதி வட்டிக்கு இங்கே வரி இல்லை. அது முடிந்து முழு உள்வாசி ஆனதும் வெளிநாட்டுக் கணக்குகளை ரிட்டர்னில் காட்டியே ஆக வேண்டும். மறைத்தால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் விழலாம்.

எந்த மாதம் திரும்புவது என்பதிலும் கணக்கு உண்டு. வருடம் 45 நாள் லீவு எடுத்தவர் நான்கு ஆண்டில் 180 நாள்தான் இந்தியாவில் இருந்திருப்பார். 365-ஐத் தொடாததால் 60 நாள் விதி அவரைப் பிடிக்காது, 182 மட்டுமே எல்லை. சாதாரண ஆண்டில் அக்டோபர் 2 அல்லது அதற்குப் பிறகு வந்திறங்கினால் அந்த ஆண்டும் வெளிவாசியே. இடையில் லீவுக்கு வந்திருந்தால் அத்தனை நாள் தள்ளி வாருங்கள். என்ஆர்ஈ கணக்கை மட்டும் வந்த உடனே மாற்ற வேண்டும், அதன் வரிவிலக்கு அரை உள்வாசி நிலையோடு சேர்ந்து நீளாது.

பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போடலாமா?

ஏன் எல்லோரும் இதைக் கடைசியாகக் கேட்கிறீர்கள் என்று தெரியவில்லை. போடாதீர்கள். நாள் கணக்குக்கு உங்களிடம் இருக்கும் முதல் சாட்சி அதில் விழுந்த குடிநுழைவு முத்திரைகள்தான். சிங்கப்பூரில் 2019 ஏப்ரலிலிருந்து கிளம்பும்போது முத்திரை குத்துவதே இல்லை, அதனால் போர்டிங் பாஸையும் வையுங்கள். நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் போன தேதி, வந்த தேதி, விமான எண் மூன்றையும் எழுதி, போர்டிங் பாஸைப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். வெப்பத்தில் அச்சாகும் அந்தக் காகிதம் இரண்டு மூன்று வருடத்தில் வெளுத்துவிடும். ஒட்டும் முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.